சங்குக்கு ஒன்று, இரண்டு யாருக்கு? இலங்கை ஜனாதிபதித் தேர்தலும் தமிழ்ப் பொது வேட்பாளரும்

நல்லூர்க் கதிர் (18 ஆகஸ்ட் 2024)

கடந்த வியாழக்கிழமை வேட்புமனுக்கள் ஏற்றுக்கொள்ளப்பட்டதோடு செப்டெம்பர் 21 தேர்தலின் களம் தெளிவாகிவிட்டது. போட்டியிடும் முப்பத்தொன்பது பேரில் மட்டக்களப்பு முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் பா. அரியநேத்திரனும் ஒருவர். அவருடைய சின்னம் சங்கு. வெல்வதற்காக அவர் நிற்கவில்லை என்பதை அவரும் மறைக்கவில்லை, அவரை நிறுத்திய கட்சிகளும் சிவில் சமூகத்தினரும் மறைக்கவில்லை. ஆகவே "வெல்லாத குதிரையில் ஏன் பணம் கட்டுகிறீர்கள்?" என்று கேட்பவர்கள் வேறு கேள்வி கொண்டு வருவது நல்லது.

2010 இல் சரத் பொன்சேகாவுக்கு வாக்களிக்கும்படி எங்களிடம் கேட்டார்கள். போரை நடத்திய தளபதிக்கே, போர் முடிந்து எட்டே மாதங்களில் வாக்களித்தோம். 2015 இல் மைத்திரிபால சிறிசேனவுக்கு அளித்தோம், அவர் வென்றார். 2019 இல் யாழ்ப்பாண மாவட்டம் சஜித் பிரேமதாசவுக்கு 312,722 வாக்குகளை, அதாவது 83.86 வீதத்தை அள்ளிக் கொடுத்தது. மூன்று முறையும் ஒருவரைத் தோற்கடிப்பதற்காகவே இன்னொருவரைத் தாங்கினோம். இம்முறை ராஜபக்ஷ குடும்பத்தவர் எவரும் வெல்லும் நிலையில் இல்லை, தெற்கின் வாக்கு மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது, நாங்கள் பயந்து ஓடிப்போய் ஒருவருக்குப் பின்னால் நிற்கவேண்டிய தேவையும் இல்லை. எங்களை நாங்களே எண்ணிப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல தருணம் வாய்க்காது என்பதே என் வாதம்.

வாவிக்கரை (19 ஆகஸ்ட் 2024)

கதிர் அண்ணா, எண்ணிப் பார்க்கும் வேலையை 1982 இலேயே செய்து பார்த்துவிட்டோம். முதலாவது ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்க் காங்கிரஸின் குமார் பொன்னம்பலம் நின்றார். யாழ்ப்பாண மாவட்டத்தில் அப்போதைய ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவையும் ஹெக்டர் கொப்பேகடுவவையும் பின்தள்ளி அவரே முதலிடத்துக்கு வந்தார். நாடு முழுவதும் அவருக்குக் கிடைத்தவை 173,934 வாக்குகள், 2.67 வீதம். அந்தச் செய்தியைக் கொழும்பு எப்படிப் படித்தது? தேர்தல் முடிந்து இரண்டு மாதங்களில் ஜே.ஆர். சர்வசன வாக்கெடுப்பு நடத்தி நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டிக்கொண்டார். அடுத்த யூலையில், 1983 இல், தமிழருக்கு எதிராக என்ன நடந்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பிறகு சிவாஜிலிங்கம் 2010 இலும் 2019 இலும் நின்றார். முதல் தடவை 9,662, இரண்டாம் தடவை 12,256. செய்தி அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. வேட்பாளர் எங்கள் ஊர்க்காரர் என்பதால் மட்டக்களப்பு உருகிவிடும் என்று யாழ்ப்பாணத்தில் இருந்து பார்ப்பவர்கள் நினைக்கக்கூடாது. எங்கள் பக்கத்துக் கிராமம் முஸ்லிம் கிராமம். ஒரே சந்தை, ஒரே பேருந்து. கிழக்கில் தமிழர் தனித்து எண்ணப்படும்போது முதலில் வெளியே தெரியப்போவது எங்கள் சிறுமைதான்.

தென்காசி வாசகன் (19 ஆகஸ்ட் 2024)

வெளியில் இருந்து ஒரு கேள்வி கேட்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் குடியரசுத் தலைவரை நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பதால், பொதுமக்களே ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி வாக்களிக்கும் முறை எங்களுக்குப் பழக்கமில்லை. தோற்கப்போகும் வேட்பாளருக்கு ஒன்று போட்டாலும் இரண்டாவது இலக்கம் பயன்படும் என்றால், வாக்கு வீணாகிறது என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது?

கணக்காளன் (20 ஆகஸ்ட் 2024)

மூன்று தேர்தல்களில் வாக்கெண்ணும் பணியில் அமர்ந்தவன் என்ற முறையில் இதை மட்டும் விளக்குகிறேன், அரசியலை உங்களிடமே விட்டுவிடுகிறேன். அரசியலமைப்பின் 94 ஆம் உறுப்புரையின்படி செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் பெற்றவர் அந்த இடத்திலேயே தெரிவாகிறார். எவரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இரண்டு இடங்களில் உள்ளவர்களைத் தவிர மற்ற அனைவரும் ஒரே வீச்சில் நீக்கப்படுவார்கள். நீக்கப்பட்டவர்களுக்கு விழுந்த சீட்டுகளை மீண்டும் எடுத்து, அவற்றின் இரண்டாவது விருப்பத் தெரிவு எஞ்சிய இருவரில் ஒருவருக்கா என்று பார்ப்போம். இல்லையென்றால் மூன்றாவதைப் பார்ப்போம். அங்கும் இல்லையென்றால் அந்தச் சீட்டு கட்டோடு ஓரமாகப் போய்விடும்.

1982 முதல் 2019 வரை நடந்த எந்த ஜனாதிபதித் தேர்தலிலும் இரண்டாவது எண்ணிக்கைக்குத் தேவை ஏற்பட்டதில்லை. அதனால் பெரும்பாலான வாக்காளருக்கு இது சட்டப்புத்தகத்துச் சங்கதி. வழக்கம்போல் ஒரு புள்ளடியை (X) போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். புள்ளடியும் முதல் தெரிவாகவே கொள்ளப்படும். புள்ளடி போட்டுவிட்டுப் பக்கத்தில் 2, 3 என்று எழுதினால்தான் சீட்டு நிராகரிக்கப்படும். இம்முறை ஒரு முழத்தைத் தாண்டிய நீளத்தில் சீட்டு வரும் என்பதால், சாவடிக்குள் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு மூன்று பெயர்களைத் தேடும் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

நல்லூர்க் கதிர் (20 ஆகஸ்ட் 2024)

கணக்காளன் சொன்னதே என் இரண்டாவது வாதம். ஒன்றைச் சங்குக்குக் கொடுத்துவிட்டு இரண்டைக் கையில் வைத்துக்கொண்டால், பாதியைத் தொட முடியாமல் திண்டாடும் தெற்கு வேட்பாளர் எங்கள் படலையைத் தேடி வரவேண்டியிருக்கும். பேரம் பேசுவதற்கு முதலில் கையில் ஏதாவது இருக்கவேண்டும்.

வாவிக்கரை (21 ஆகஸ்ட் 2024)

அண்ணா, கடை திறக்கவேண்டிய கட்டாயம் வந்தால்தான் சரக்குக்கு விலை உண்டு. இரண்டாவது இலக்கம் எழுதுங்கள் என்று மேடையில் சொன்னால் "சஜித்தின் முகவர்கள்" என்ற பட்டம் வரும். எழுதாதீர்கள் என்றால் பேரம் இல்லை. இந்த இரண்டில் எதை உங்கள் ஆட்கள் சொல்லப்போகிறார்கள்? ஆளுக்கொன்று சொல்வார்கள் என்றே படுகிறது.

நல்லூர்க் கதிர் (2 செப்டெம்பர் 2024)

நேற்று வவுனியாவில் கூடிய தமிழரசுக் கட்சியின் மத்திய குழு சஜித் பிரேமதாசவுக்கு ஆதரவளிப்பதாக முடிவெடுத்திருக்கிறது. சுமந்திரன் அதை ஊடகங்களுக்கு அறிவித்தார். அரியநேத்திரன் இதே கட்சியைச் சேர்ந்தவர். கட்சியின் இன்னொரு முக்கியஸ்தரான சிறீதரனோ சங்கின் பக்கம் நிற்கிறார். ஒரே கட்சியின் ஆட்கள் ஒரே தெருவில் சஜித்தின் சின்னமான தொலைபேசிக்கும் சங்குக்கும் துண்டுப்பிரசுரம் கொடுக்கும் காட்சியை இந்த வாரம் காணப்போகிறோம். அதற்கு அடுத்த வீட்டில், தேர்தலையே பகிஷ்கரிக்கவேண்டும் என்ற கஜேந்திரகுமார் பொன்னம்பலத்தின் தமிழ்க் கட்சியின் பிரசுரம் கிடக்கும்.

பரந்தன் (3 செப்டெம்பர் 2024)

நீங்கள் வேடிக்கையாகச் சொன்ன அந்தக் காட்சி எங்கள் வீட்டில் ஏற்கெனவே நடந்துவிட்டது. நேற்று மாலை சின்னம்மாவின் குசினி மேசையில் மூன்று பிரசுரங்கள் இருந்தன. சின்னம்மா அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே மீன் சுற்றி வந்த தாளையும் வைத்து, அடுப்பு மூட்டுவதற்கென்று எடுத்து வைத்திருந்தார். அவர் மகனைத் தேடுபவர். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாக வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கிய போராட்டத்தில் முதல் வாரத்திலிருந்தே போய் அமர்ந்தவர். ஏழரை ஆண்டுகளில் எத்தனையோ தாய்மார் பிள்ளையைக் காணாமலே கண்ணை மூடிவிட்டார்கள். இவருக்கு இப்போது முழங்கால் வீங்கிவிட்டதால் மாதத்தில் ஒரு நாள் போவதே பெரிய பாடு.

யாருக்குப் போடுவீர்கள் என்று கேட்டேன். "வாக்குக் கேட்டு வந்தவர்களில் அவன் பெயரைக் கேட்டவன் எவன்?" என்று மட்டும் சொன்னார். இது எந்தப் பக்கத்துக்கு ஆதரவான பதில் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஸ்காபரோ நண்பன் (4 செப்டெம்பர் 2024)

புலம்பெயர்ந்த எங்களுக்கு இது கொள்கைத் தேர்தல். தாயகத்தில் ஒவ்வொரு தமிழரும் சங்குக்கு மாத்திரம் வாக்களித்து இரண்டாவது இலக்கத்தை வெற்றாக விடவேண்டும். அவ்வாறு செய்யாதவர்களை வரலாறு குறித்து வைத்துக்கொள்ளும்.

வாவிக்கரை (4 செப்டெம்பர் 2024)

ஐயா, வெளிநாட்டில் இருந்து வாக்களிக்க இலங்கைச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் வரலாற்றை அங்கிருந்து எழுதத் தடையில்லை போலும். 2005 இல் இதே போன்ற கட்டளை ஒன்று வந்தது. புலிகளின் பகிஷ்கரிப்பால் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட பதிவு செய்த வாக்காளர்களில் வெறும் 1.21 வீதத்தினரே வாக்களித்தார்கள். மகிந்த ராஜபக்ஷ ரணில் விக்கிரமசிங்கவை வென்ற வித்தியாசம் 180,786. அதன் பிறகு நான்கு ஆண்டுகளில் வந்ததை யார் குறித்து வைத்துக்கொண்டார்கள்?

நல்லூர்க் கதிர் (5 செப்டெம்பர் 2024)

2005 ஐ இங்கே இழுப்பது நியாயமல்ல. வாக்களிக்காமல் இருப்பதும், சென்று எங்கள் ஆளுக்கு வாக்களிப்பதும் ஒன்றாகுமா? ரணில் வென்றிருந்தால் போர் வந்திருக்காது என்பதும் ஊகமே. ஆனாலும் நண்பர் ஸ்காபரோவின் தொனி எனக்கும் உவப்பாக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாக்குக் கேட்பவன் வாசலில் நின்று கேட்கவேண்டும்.

தென்காசி வாசகன் (8 செப்டெம்பர் 2024)

உங்கள் விவாதத்தில் அநுர குமார திசாநாயக்கவின் பெயர் வரவேயில்லை என்பது வியப்பாக இருக்கிறது. எங்கள் நாளிதழ்களில் அவரே முன்னிலையில் இருப்பதாக எழுதுகிறார்கள்.

வாவிக்கரை (8 செப்டெம்பர் 2024)

அவர் கட்சியான ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) 1987 இன் இந்திய இலங்கை உடன்படிக்கையை எதிர்த்து ஆயுதம் தூக்கியது. வடக்கையும் கிழக்கையும் இணைத்தது செல்லாது என்று 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கின் பின்னாலும் அந்தக் கட்சியே இருந்தது. இவ்வளவையும் நினைவில் வைத்திருக்கும் தலைமுறை வாக்களிக்கத் தயங்கும். இவற்றைப் பாடப்புத்தகத்தில்கூடப் படிக்காத பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பது வேறு விடயம். என் தங்கையின் மகன் கைப்பேசியில் அநுரவின் பேச்சைத் தமிழ் வரிகளோடு பார்த்துக்கொண்டிருக்கிறான்.

கொட்டகலை (13 செப்டெம்பர் 2024)

"தமிழ்ப் பொது வேட்பாளர்" என்று எழுதும்போது எந்தத் தமிழருக்குப் பொது என்பதையும் யாராவது எழுதினால் நல்லது. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் பிரஜாவுரிமையையும், அதன் தொடர்ச்சியாக வாக்குரிமையையும் இழந்த மலையகத் தமிழர் நாங்கள். ஒரு வாக்கின் அருமையை எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நாளொன்றுக்கு 1,700 ரூபாய் கேட்டு எங்கள் தோட்டத் தொழிலாளப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள்; குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 என்று இந்த வாரம் முடித்திருக்கிறார்கள். மனோ கணேசன் அணி சஜித்தோடு நிற்கிறது, இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணிலோடு நிற்கிறது, மலையகத்தைச் சேர்ந்த திலகராஜ் தனியாகவே போட்டியிடுகிறார். சங்கு ஊதும் ஓசை ஹட்டனைத் தாண்டி மேலே வரவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, உங்கள் கணக்கில் நாங்கள் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்றே சொல்கிறேன்.

நல்லூர்க் கதிர் (14 செப்டெம்பர் 2024)

தங்கையே, நீங்கள் சொன்னது சுடுகிறது. வடக்கு கிழக்குத் தமிழர் என்று முழுமையாக எழுதியிருக்கவேண்டும், தவறு என்னுடையது.

கணக்காளன் (24 செப்டெம்பர் 2024)

இரண்டு இரவுத் தூக்கத்தை இப்போதுதான் தூங்கி எழுந்தேன். வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாவது எண்ணிக்கை நடந்த தேர்தலில் நானும் ஒரு மேசையில் இருந்தேன் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அநுர வென்றார் என்ற முடிவு அனைவருக்கும் தெரியும். ஆனால் இங்கே பேசிய விடயத்துக்கு விடை சொல்லும் இலக்கங்கள் தலைப்புச் செய்திகளில் வரவில்லை.

முதல் எண்ணிக்கையில் அநுர 5,634,915, சஜித் 4,363,035, ரணில் 2,299,767, நாமல் 342,781, அரியநேத்திரன் 226,343. செல்லுபடியான வாக்குகளில் சங்கின் பங்கு 1.70 வீதம். முப்பத்தெட்டுப் பேர் போட்டியிட்டதால் (சீட்டில் பெயர் முப்பத்தொன்பது, ஒருவர் இடையில் காலமாகிவிட்டார்) முப்பத்தாறு பேர் நீக்கப்பட்டார்கள். அவர்களுக்கு விழுந்திருந்த சீட்டுகள் ஏறத்தாழ 33 இலட்சத்து 22 ஆயிரம். அவை அனைத்தையும் மீண்டும் புரட்டியதில் அநுரவுக்கு 105,264 உம் சஜித்துக்கு 167,867 உம் மட்டுமே சேர்ந்தன. கூட்டினால் 273,131. அதாவது நூறு சீட்டில் எட்டுச் சீட்டில்தான் எஞ்சிய இருவரில் ஒருவருடைய பெயருக்கு நேரே இலக்கம் இருந்தது. மற்ற தொண்ணூற்றிரண்டும் எந்தப் பக்கமும் அசையவில்லை.

என் மேசைக்கு வந்த கட்டில் வெறும் புள்ளடிகளே மிகுதி. நடுவே ஒரு சீட்டு வந்தது. சங்குக்கு 1, கீழே இறங்கி இன்னொரு பெயருக்கு 2, மேலே ஏறி இன்னொன்றுக்கு 3; மூன்றும் பள்ளிக்கூட எழுத்தில், கட்டத்தின் நடுவே, கோட்டைத் தொடாமல். அவர் 2 உம் 3 உம் போட்ட இருவருமே நீக்கப்பட்டவர்கள். ஆக அவ்வளவு கவனமும் ஓரக் கட்டில் போய் அமர்ந்தது.

வாவிக்கரை (24 செப்டெம்பர் 2024)

இறுதி வித்தியாசம் 12 இலட்சத்துக்கு மேல். சங்கின் 226,343 சீட்டிலும் ஒருவர் விடாமல் சஜித்துக்கு 2 போட்டிருந்தாலும் அவர் வென்றிருக்கமாட்டார். பேரம் என்ற வாதத்தின் கதை இத்தோடு முடிந்தது. மட்டக்களப்பில் சொந்த ஊர்க்காரருக்கு விழுந்தது சுமார் 37,000. சஜித்துக்கு ஏறத்தாழ 139,000. நான் ஓகஸ்டில் சொன்னதை மீண்டும் சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்பவில்லை.

நல்லூர்க் கதிர் (25 செப்டெம்பர் 2024)

பேரம் பலிக்கவில்லை என்பதை ஏற்கிறேன். அதே கணக்கு உங்கள் பக்கத்தையும் குத்துகிறதே, தம்பி. தமிழரசுக் கட்சி சொன்னபடி எல்லாரும் சஜித்துக்கே போட்டிருந்தாலும் முடிவு மாறியிராது. ஆகவே "வீணான வாக்கு" என்ற வசை சங்குக்கு மட்டும் உரியதன்று. சில கிழமைப் பிரசாரம், பிளவுபட்ட கட்சிகள், இருந்தும் யாழ்ப்பாண மாவட்டத்தில் சஜித்துக்கு 121,177, சங்குக்கு 116,688. ஐந்து ஆண்டுகளுக்கு முன் மூன்று இலட்சத்துக்கு மேல் பெற்ற மனிதர் அவர். எங்கள் மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்கினர் கட்சி உத்தரவுக்குப் பணியவில்லை என்பதாவது எழுத்தில் பதிவாகியிருக்கிறது. ஒரு சின்னத் தற்செயலையும் சொல்லிவிடுகிறேன். வட மாகாண சபைக்கு நடந்த ஒரே தேர்தலும் செப்டெம்பர் 21 அன்றுதான், 2013 இல். அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை தேர்தல் இல்லை.

தென்காசி வாசகன் (16 நவம்பர் 2024)

நாடாளுமன்றத் தேர்தல் முடிவைப் பார்த்துத் திகைத்துப்போய் இங்கே வந்தேன். செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அநுரவுக்குக் கிடைத்தவை 27,086 வாக்குகள். நேற்று முன்தினம் அவருடைய தேசிய மக்கள் சக்தி அதே மாவட்டத்தில் 80,830 வாக்குகளோடு ஆறில் மூன்று ஆசனங்களை வென்றிருக்கிறது. அந்தத் தமிழ்ச் செய்தி இரண்டே மாதங்களில் எங்கே போனது?

வாவிக்கரை (16 நவம்பர் 2024)

மட்டக்களப்பில் தமிழரசுக் கட்சியே முதலிடம் பெற்றது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். "வடக்கு கிழக்கு" என்று ஒரே மூச்சில் சொல்லும் வழக்கத்தை இனியாவது இருபக்கத்தாரும் விடவேண்டும். செப்டெம்பரில் அநுரவுக்கு அஞ்சியவர்கள், அவர் பதவிக்கு வந்து இரண்டு மாதம் வானம் இடிந்து விழாததைக் கண்டார்கள். அதைவிட முக்கியமானது, ஒன்றோடொன்று அடிபட்ட எங்கள் கட்சிகளின்மீது வந்த சலிப்பு. சங்குச் சின்னத்தையே ஒரு கூட்டணி எடுத்துக்கொண்டு போய் இந்தத் தேர்தலில் நின்று, நாடு முழுவதிலும் வன்னியில் ஒரே ஓர் ஆசனம் பெற்றதே, அதைப் பற்றிக் கதிர் அண்ணா என்ன சொல்கிறார்?

நல்லூர்க் கதிர் (17 நவம்பர் 2024)

பொதுவில் வைத்த பாத்திரத்தைப் பந்தி முடிந்ததும் ஒரு வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு போனால் ஊருக்கு வரும் கோபம் எனக்கும் வந்தது. அந்தச் சின்னத்துக்கு நான் நவம்பரில் வாக்களிக்கவில்லை. யாருக்கு அளித்தேன் என்று எழுதமாட்டேன். எழுதினால் வாவிக்கரைத் தம்பி ஒரு மாதத்துக்குச் சிரிப்பார்.

பரந்தன் (17 நவம்பர் 2024)

செப்டெம்பரில் சின்னம்மா யாருக்குப் போட்டார் என்று எனக்குச் சிலர் தனிமடல் எழுதிக் கேட்டிருந்தீர்கள். வாக்குச் சாவடி வரை கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனவள் நான்தான். உள்ளே அவர் தனியாகவே போனார், வெகுநேரம் நின்றார். சீட்டு நீளமாக இருந்ததாகவும், கண்ணாடி இல்லாமல் போனதால் பெயர்களை விட்டுவிட்டுச் சின்னங்களைப் பார்த்தே இடத்தைக் கண்டுபிடித்ததாகவும் சொன்னார். ஒன்று மட்டும் எழுதினீர்களா, இரண்டும் எழுதினீர்களா என்று கேட்டதற்கு, "இரண்டாவதாக எழுத யார் இருக்கிறார்கள்?" என்றார். நவம்பரில் முழங்கால் வலியால் போகவில்லை. நேற்றுக் காலை கோயில் முன்பந்தலுக்குப் போய்வந்தார்.